வெறும் கேஸ்தான் சார்!

தனக்கு இதயம் என்று ஒன்று இருப்பது காதலிக்கும்போதுதான் தெரியும் என்று சினிமாவில் சொல்வார்கள். பொய்! ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியும்.

ஊரே தூங்கும். ஃபேன் கிரீச் கிரீச் என்று சுற்றும். தலையணையில் ஒரு காதை அழுத்திப் படுத்திருப்பீர்கள். திடீரென்று காதுக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி... டும்... டும்... டும்... அப்புறம் ஒரு 'டும்'மைக் காணோம்! மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால், பாக்கிக்கு வட்டியும் சேர்த்து ஒரு பெரிய 'டொம்'!

அவ்வளவுதான், தூக்கம் போச்சு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ரொம்ப அநியாயம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,00,800. முப்பது வயசு ஆசாமிக்கு இதுவரை 110 கோடி. இத்தனை கோடி என்ட்ரியையும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டு, என்றைக்கோ ஒரு நாள் ஒரே ஒரு என்ட்ரியை மட்டும் கண்ணில் காட்டுகிறது. பி.காம். படித்தவனுக்கு அது போதும். மீதி 110 கோடி மேலும் சந்தேகம் வந்துவிடும்.

இந்த இடத்தில் உங்களில் சில பேர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருப்பீர்கள். தெரியும். விரலை எடுங்கள். அந்த விரலைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

எனக்கு இது முதலில் வந்தது இருபத்தாறு வயசில், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தபோது. செப்டம்பர் மாதம். டாக்ஸ் ஆடிட் வேலையில் செப்டம்பர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள், கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கு முகூர்த்த நாள் காலை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளவும். நாளுக்கு ஏழெட்டு டீ, நாலு மணி நேரத் தூக்கம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வரும்போது, சைதாப்பேட்டை தாண்டியதும் நெஞ்சு குதிரை மாதிரி ஓட ஆரம்பித்தது. கை விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி. 'சரி, ஆட்டம் க்ளோஸ்' என்று நிச்சயமாகத் தெரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை சார், நிஜமாகவே நிச்சயம். எல்.ஐ.சி. பாலிசி எந்த டிராயரில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாதே என்றுதான் முதலில் கவலைப்பட்டேன்.

மாம்பலத்தில் யாரோ இரண்டு புண்ணியவான்கள் இறக்கி, ஆட்டோ பிடித்து, ஒரு நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் பசையைத் தடவி, ரப்பர் குமிழ்களை ஒட்டி, மிஷின் டிர்ர்ர் என்று ரோஸ் கட்டம் போட்ட பேப்பரைத் துப்பியது. டியூட்டி டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் நார்மல். டென்ஷன் எடுத்துக்காதீங்க."

இந்த 'எடுத்துக்காதீங்க' எனக்கு இன்றுவரை புரியவில்லை. பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியைச் சொல்கிற மாதிரி சொல்கிறார்கள். யாராவது கேட்டு வாங்கியா எடுத்துக்கொள்கிறார்கள்?

வீட்டுக்கு வந்தால் இலவச ஆலோசனை தொடங்கியது. தமிழ்நாட்டில் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே எது நடந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: கேஸ்! "ஒண்ணுமில்லே, வெறும் கேஸ்தான்" என்று மாடி வீட்டுக்காரர் ஓமவாட்டர் கொண்டுவந்தார். பெரியப்பா உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். ஆபீஸ் ஹெட்கிளார்க், "கேஸு பிடரிக்கு ஏறிட்டா ஆபத்துப்பா" என்று ஒரு புது ரூட் போட்டுக் கொடுத்தார். அத்தை மட்டும், "காலாகாலத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்றாள். கல்யாணமானவர்களுக்குப் படபடப்பே வராது என்பது அத்தையின் கண்டுபிடிப்பு. மாமாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் 'கேஸ்' என்கிற ஒற்றை வார்த்தையை நம்பி, நிஜமான மாரடைப்போடு ஜெலுசில் குடித்துவிட்டு விடிகிறவரை காத்திருந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அதனால் டாக்டரைப் பார்க்காமல், 'எனக்கு மனசுதான் காரணம்' என்று நீங்களே சர்டிபிகேட் எழுதிக்கொள்ளக் கூடாது. மாடி ஏறும்போதோ ஓடும்போதோ நெஞ்சை அடைக்கிற வலி, மயங்கி விழுவது, படபடப்போடு மூச்சு வாங்குவது, வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று போயிருப்பது... இதில் எது இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று 180-க்குப் போய், சுவிட்ச் அணைத்த மாதிரி சட்டென்று நிற்கிற படபடப்பு ஒன்று உண்டு. அது பல சமயம் இதயத்தின் மின்சார வயரிங்கில் உள்ள தொந்தரவு. சரி செய்யக்கூடியதும்கூட. அதையும் 'டென்ஷன்' என்று சொல்லி வருஷக்கணக்கில் அனுப்பி வைத்துவிடுவது உண்டு. தைராய்டு அதிகமானாலும் படபடக்கும். ரத்தம் குறைந்தாலும் படபடக்கும். சிகரெட், காபி, சிலவகை ஜலதோஷ மாத்திரைகூடக் கிளப்பிவிடும். ஆக, முதலில் ரத்தப் பரிசோதனையும் ஈ.ஸி.ஜி.யும்.

ஆனால் ஈ.ஸி.ஜி.யில் ஒரு சங்கதி. அது பிடிப்பது சுமார் 10 வினாடிக் கதையைத்தான். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பத்து வவுச்சரைப் பார்த்துவிட்டு வருஷக் கணக்கில் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை நான் பார்த்திருக்கிறேன். அவரையே நம்பாத நான் இதை நம்புவேனா? மறுபடி மறுபடி ஈ.ஸி.ஜி. எடுத்தேன். மூன்று மாதத்தில் ஐந்து. எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலும் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள், 'அவன் பார்த்தப்போ ஒழுங்கா ஓடியிருக்கும், திருட்டுப்பய இதயம்' என்று தோன்றிவிடும்.

கடைசியில் வயசான ஒரு ஃபிஸிஷியன் அகப்பட்டார். அவசரமே இல்லாத மனிதர். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்கு ஹோல்டர் வெச்சுப் பார்த்துடலாம்ப்பா" என்றார். நார்மன் ஹோல்டர் என்கிற அமெரிக்கர் 1940-களின் கடைசியில் செய்த சமாசாரம். ஆரம்பத்தில் அது முதுகில் சுமக்கிற ரேடியோ மூட்டையாம், கிட்டத்தட்ட 38 கிலோ! அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் யாருக்கும் இதயம் படபடக்கத்தானே செய்யும்? நல்லவேளை, என் காலத்துக்குள் அது பெல்ட்டில் மாட்டுகிற சின்னப் பெட்டியாகியிருந்தது. 24 மணி நேரம் ஒவ்வொரு துடிப்பையும் எழுதும். கூடவே கையில் ஒரு டயரி கொடுப்பார்கள். எப்போது என்ன செய்தது என்று நேரத்தோடு நாம் எழுத வேண்டும்.

டயரி எழுதச் சொன்னால் நமக்குக் கேட்கணுமா? பக்கம் பக்கமாக எழுதினேன். 'காலை 9.40: பயங்கரமான படபடப்பு. நெஞ்சு வெளியே வந்துவிடும்போல.' 'மதியம் 2.15: இதயம் நின்று நின்று ஓடுகிறது.' 'இரவு 8 முதல் 10 வரை: கிரிக்கெட் பார்த்தேன். ஒன்றும் இல்லை.' 'இரவு 11.30: மரண பயம்.'

இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவர் டயரியையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்தார். அசல் ஆடிட்! காலை 9.40-க்கு என் இதயம் 112-ல் கடிகாரம் மாதிரி ஒழுங்காக ஓடியிருக்கிறது. 2.15-க்கு 96, ஒரு துடிப்புகூட விடவில்லை. மரண பயம் வந்த நேரத்தில் 104. ஆனால் கிரிக்கெட் பார்த்தேன் பாருங்கள், அப்போதுதான் ஐயா ஏழு தடவை இடறியிருக்கிறார்! தூக்கத்தில் இன்னும் ஒன்பது தடவை. எதுவும் எனக்குத் தெரியாது.

"இது எக்டோபிக். எல்லாருக்கும் வரும். முறைக்கு முன்னாடியே ஒரு துடிப்பு அவசரப்பட்டு வந்துடுது. அதுக்கப்புறம் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில ரத்தம் கூடுதலா ரொம்பிக்கறதால அடுத்த அடி பலமா விழும். நீ சொல்ற 'டொம்' அதான். இதயம் நிக்கலே, முந்திண்டுது" என்றார்.

"அப்ப நான் உணர்ந்தது?"

"அதுவும் நிஜம்தான். உன் உடம்பு பயந்துது, அட்ரினலின் வந்துது, இதயம் வேகமா ஓடித்து. பயந்தா ஓடத்தானே அதை வெச்சிருக்கு? வேகமா மூச்சு விட்டே, உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சுபோச்சு, கை மரத்துது. அதைப் பார்த்து இன்னும் பயந்தே. வேகம் இன்னும் ஏறித்து. நீ உன் இதயத்தைக் கேக்கலேப்பா, ஒட்டுக் கேக்கறே. ஒட்டுக் கேட்டா நல்லதா எது காதுல விழும்?"

ரிப்போர்ட்டில் 'சைனஸ் டாக்கிகார்டியா' என்று எழுதியிருந்தது. இயல்பான இடத்திலிருந்து கிளம்பி, கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது என்று அர்த்தம். அம்மா அதில் 'சைனஸ்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, "அப்பவே சொன்னேன், தலைக்குக் குளிக்காதேன்னு" என்று ஒரு வாரம் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். மூக்கு நன்றாகத் திறந்துகொண்டது.

ஹோல்டர் ஃபைலை அம்மா அப்புறம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். காரணம், அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியோ ஒரு இடத்துக்கு விஷயம் போய்விட்டது. தரகர் வந்து குரலைத் தாழ்த்தி, "பையனுக்கு ஹார்ட்ல பெட்டி வெச்சிருக்காங்களாமே?" என்றார். பெட்டி இடுப்பில், அதுவும் ஒரே ஒரு நாள் என்று விளக்குவதற்குள் அந்தச் சம்பந்தம் கைநழுவிப்போய்விட்டது. பெண் எம்.காம். என்றார்கள். யோசித்துப் பார்த்தால், நான் அதுவரை தொலைத்ததில் அது ஒன்றுதான் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

படபடப்பில் நிஜமான நஷ்டம் அந்த விஷயத்தில்தான். நெஞ்சு அடித்துக்கொள்வது பத்து நிமிஷம். அது பெரும்பாலும் அதற்குள் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பித்துவிடும். ஆனால் அது வந்துவிடுமோ என்று எதையெதை விட்டுவிடுகிறோம் பாருங்கள். முதலில் ரயிலை விட்டேன். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட். சினிமாவில் ஓரத்து சீட். ஷட்டில் விளையாடுவது நின்றது. மூன்றாவது மாடியில் இருந்த சிநேகிதன் வீடு நின்றது. தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம்வரை எந்தெந்த நர்சிங் ஹோமில் ராத்திரி டாக்டர் இருப்பார் என்று ஒரு மேப் மனப்பாடம். கோயமுத்தூரில் பதினைந்து நாள் ஆடிட், படியோடு போய்வரலாம் என்றார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். நெஞ்சில் ஒன்றுமில்லாதவன் வாழ்க்கையை இழுத்து இழுத்து ஒரு பத்துக்குப் பத்து ரூம் அளவுக்கு மடித்துவிட்டான்.

ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்பிள்ளை 'பயமா இருக்கு' என்று சொல்வதைவிட 'கேஸ்' என்று சொல்வது கௌரவம்.

பயப்படுவது கோழை வேலை என்று நினைக்கிற மீசைக்காரர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 300-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இதே புகாரோடு ஃபிலடெல்ஃபியாவில் ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டரிடம் வந்தார்கள். நெஞ்சு படபடப்பு, வலி, மூச்சு வாங்கல், தலைசுற்றல். பலருக்கு இதயத்தில் சொல்லும்படியான கோளாறு எதுவும் அகப்படவில்லை. அவர் 1871-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் வைத்த பெயரை, என் தமிழில் 'சிடுசிடு இதயம்' என்று சொல்லலாம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதே கதையோடு வந்தபோது, தாமஸ் லூயிஸ் என்ற இதய நிபுணர் அவர்களைக் கட்டிலில் கிடத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டி டிரில் செய்ய வைத்தார். பீரங்கி முன்னால் நின்றவர்களுக்கு வந்தது, டாக்ஸ் ஆடிட் முன்னால் நின்றவனுக்கு வரக்கூடாதா? 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தத் திடீர்த் தாக்குதலுக்கு 'பேனிக்' என்று தனிப் பெயரே வந்தது.

பெரியவர் என்னை ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். நம் ஊரில் இதைச் சொன்னதும் எல்லார் வாயிலும் வருகிற ஒரு ஊர்ப் பெயர் உண்டு: கீழ்ப்பாக்கம். 1794-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. இருநூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் பெயரைத் திட்டுகிற வார்த்தையாக வைத்திருக்கிறோம். நான் போனது வேறொரு கிளினிக். வெயிட்டிங் ஹாலில் பைத்தியங்களைத் தேடினேன். ஒரு பாங்க் ஆபீசர், இரண்டு காலேஜ் பெண்கள், பேரனோடு ஒரு பாட்டி. எல்லாரும் நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள். அதில் ஒருவர் தலைகீழாக.

டாக்டரம்மா முதல் இரண்டு தடவை பேசினார். மூன்றாவது தடவை, "எழுந்து நில்லுங்க. செருப்பைக் கழட்டிட்டு நின்ன இடத்துலயே ஓடுங்க. ஒரு நிமிஷம்" என்றார்.

"டாக்டர்... எனக்கு நெஞ்சு..."

"தெரியும். அதுக்குத்தான்."

இன் பண்ணின சட்டையோடு ஒரு பெண் டாக்டர் முன்னால் நின்ற இடத்தில் ஓடினேன். பாக்கெட்டில் சில்லறை ஜல் ஜல் என்றது. நெஞ்சு டும் டும் டும் என்று மேளம். ஒரு நிமிஷம் கழித்து உட்காரச் சொன்னார். கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. "கையைத் தொடையில வைங்க. நாடி பார்க்கக் கூடாது. பயம் பத்துக்கு எத்தனை?" எட்டு. காத்திருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. ஆறு. நாலு. மூன்று. இதயம் ஓடித் தீர்த்துவிட்டுத் தானாக நடைக்கு வந்தது. யாரும் ஓமவாட்டர் கொடுக்கவில்லை.

அப்புறம் தலையைக் கிறுகிறுவென்று ஆட்டச் சொன்னார். ஸ்டிராவில் மூச்சு விடச் சொன்னார். எந்த உணர்ச்சியைக் கண்டு பயப்படுகிறேனோ, அதை வேண்டுமென்றே வரவழைத்து, அது பாட்டுக்குப் போகிறது என்று உடம்புக்கே காட்டிக்கொடுப்பது. ஏனோதானோ வித்தை இல்லை. படபடப்பைத் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்வதில்தான் பயம் பெருக்கெடுக்கிறது என்று டேவிட் கிளார்க் என்பவர் 1986-ல் எழுதியதிலிருந்து பல வருஷமாகச் சோதித்துப் பார்த்த வைத்தியம். வீட்டுப்பாடமும் உண்டு. முதல் வாரம் ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். அடுத்த வாரம் மூன்று. அவசரத்துக்கென்று பர்ஸில் வைத்திருந்த மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். நெஞ்சு அடித்தால் இறங்கக் கூடாது. அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்க சுலபமாக இருக்கிறதல்லவா? கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே அடையாற்றுப் பாலத்தில் நான் அந்த வாரம் பட்ட பாடு, டா கோஸ்டாவின் சிப்பாய்களுக்குத்தான் தெரியும்.

மாத்திரையும் உண்டு, சிலருக்குத் தேவைப்படும். பயத்தைக் குறைக்கிற மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும். நாலு நாளில் 'பிரயோஜனமில்லை' என்று நிறுத்துவதும், சரியானதும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும் வேண்டாம். படபடப்பை மட்டும் தட்டி வைக்கிற ப்ரோப்ரனலால் உண்டு, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அல்ப்ரசோலம் என்று ஒன்று. உடனே கேட்கும், அதுதான் அதில் சிக்கல். "இதைப் போட்டுக்கோ மச்சி, கம்முனு இருக்கும்" என்று ரூம்மேட் அரை மாத்திரையை உடைத்துக் கொடுப்பான். வாங்காதீர்கள். பழகிவிட்டால் அது விடாது; விட முயன்றால் பழைய படபடப்பு பரவாயில்லை என்று ஆகிவிடும்.

டாக்டரிடம் போகவே கூச்சமாக இருந்தால் 14416. 'டெலி மானஸ்' என்று மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த இலவச போன். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். தமிழில் பேசலாம். முகம் தெரியாது, தரகருக்கும் தெரியாது.

இப்போது ஒரு புது வில்லன் வேறு வந்திருக்கிறான். அந்தக் காலத்தில் நாடி பார்க்க விரல் வேண்டும். இப்போது கைக்கடிகாரமே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் மச்சினன் ஒன்று வாங்கிக் கட்டினான். மேனேஜர் கூப்பிட்டால் 98, மாமியார் போனில் வந்தால் 105 என்று வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவான். சில பேருக்கு அது நிஜமாகவே உதவும், டாக்டரே கட்டச் சொல்வார். மச்சினனுக்கு எவரும் சொல்லவில்லை. 'ஒட்டுக் கேட்கிற' எங்களைப் போன்றவர்களுக்கு இதைக் கொடுப்பது, பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கிறவனுக்கு ஸ்டெதாஸ்கோப் வாங்கித் தந்த மாதிரி.

எனக்கு முழுசாகப் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. கட்டுரை கெடு நெருங்கினால் வரும். காபி மூன்றாவது டம்ளருக்கு வரும். சில சமயம் காரணமே இல்லாமல், சும்மா விசாரித்துவிட்டுப் போகிற தூரத்து உறவுக்காரர் மாதிரி வந்துவிட்டுப் போகும். வா என்பேன். உட்கார் என்று சொல்வதில்லை.

போன மாதம் ரயிலில் வந்தது. நல்ல கூட்டம். சைதாப்பேட்டையில் ஒரு 'டொம்', தொடர்ந்து குதிரை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன். முகம் காட்டிக் கொடுத்திருக்கும்போல. பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்ற பெரியவர் என்னையே பார்த்தார்.

"என்ன சார், நெஞ்சு கரிக்குதா? வெறும் கேஸ்தான் சார்!"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஓமத்தைக் கொட்டினார். வாயில் போட்டு மென்றேன். நல்ல காரமான ஓமம். மாம்பலம் வந்தது, அவர் இறங்கினார். எனக்கு டிக்கெட் எழும்பூர் வரைக்கும் இருந்தது.